கம் தோட்டத்தைக் கான்ட்ராக்டில் விடுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் உம்சிண்டோ, டூமிசா, ஸ்டேங்கர் பக்கம் கரும்புக்கு மேலே சரிவில் கம் மரமோ (யூகலிப்டஸ்) வாட்டிலோ (அகேசியா இன மரம்) வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு இப்போது ஒரே சிக்கல். பிள்ளைகள் டர்பனிலும் ஜொஹானஸ்பர்கிலும் வேலையில் இருக்கிறார்கள். ஆள் விட்டு வேலை வாங்க வீட்டில் ஆள் இல்லை. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கட்டணம் இவ்வளவு" என்று பராமரிப்புக் கம்பெனியும் கான்ட்ராக்டரும் வந்து நிற்கிறார்கள்.

இதற்கு வீட்டுக்குள் மூன்று விதமான பதில் வரும். "அப்பா தானே பார்த்தார், இதற்குப் போய்க் காசா?" என்பது ஒன்று. "வருஷத்துக்கு இவ்வளவு என்று பாங்கில் போட்டால் போதும்" என்பது இன்னொன்று. மூன்றாவது, "கையெழுத்துப் போட்டால் நிலமே கைவிட்டுப் போகும்." யார் எங்கே வசிக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீடும் நிலமும் இழந்த குடும்பங்களில் இந்தப் பயம் இருப்பதில் வியப்பில்லை. மூன்றையும் ஒதுக்க வேண்டாம். முதல் ஆளுக்கு வேலைவாரிக் கான்ட்ராக்ட் போதும், இரண்டாவது ஆள் கேட்பது குத்தகை, மூன்றாவது ஆள் முதலில் பார்க்க வேண்டியது காலக்கெடு. எந்த வகையானாலும் எந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதைத்தான் ஒப்பந்தத் தாள் எழுதி வைக்கிறது. கட்டணத் தொகையை மட்டும் பார்த்துப் பேரம் பேசுகிறவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

முதலில் அளவு

பத்திரத்தில் 30 ஹெக்டேர் இருக்கும். பாதை, தீத்தடுப்புப் பட்டை, ஓடைக்கரை, சதுப்பு எல்லாம் போக மரம் நிற்பது 21 ஹெக்டேராக இருக்கலாம். ரேட் எப்போதும் மரம் நிற்கும் ஹெக்டேருக்கே பேசப்பட வேண்டும். கையில் போன் ஜிபிஎஸ்ஸோடு ஒவ்வொரு பாத்தியின் ஓரத்தையும் நடந்து வரைபடம் எடுங்கள். பாத்திக்கு ஒரு எண், நட்ட ஆண்டு, இனம், இடைவெளி ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். இந்த வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பாதி அளவைப் பற்றியதுதான்.

அடுத்தது மரத்தை எண்ணுவது. 11.28 மீட்டர் நீளக் கயிற்றை ஒரு கம்பில் கட்டிச் சுற்றி வந்தால் அந்த வட்டம் 400 சதுர மீட்டர். வட்டத்துக்குள் நிற்கும் உயிருள்ள மரங்களை எண்ணி 25-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான எண்ணிக்கை கிடைக்கும். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஹெக்டேருக்கு 1,667 மரம் வர வேண்டும். அதாவது வட்டத்துக்குள் 67. அறுபது இருந்தால் 90 சதவீதம், நல்ல தோட்டம். ஐம்பதுதான் இருக்கிறது என்றால் கால் பங்கு நிலம் சும்மா கிடக்கிறது, ஆனால் களை எடுக்கும் கூலி முழு நிலத்துக்கும் போகிறது. ஹெக்டேருக்கு ஒரு வட்டமாவது போடுங்கள். நல்ல மரம் நிற்கும் இடமாகப் பார்த்துக் கம்பை ஊன்றக் கூடாது, இத்தனை அடிக்கு ஒன்று என்று நேர்கோட்டில் போய் ஊன்ற வேண்டும். சரிவில் கயிற்றைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் வட்டம் சுருங்கிக் கணக்குக் குறையும். கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும்.

கான்ட்ராக்டர் பொறுப்பேற்கும் நாளில் அவரும் நீங்களும் சேர்ந்து எண்ணி இருவரும் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால், ஐந்து வருஷம் கழித்து "வந்தபோதே இப்படித்தான் இருந்தது" என்ற பேச்சுக்கு இடமில்லை.

நான்கு வகை ஒப்பந்தம்

வேலைவாரி: குழி, நடவு, களை, கொழுந்து குறைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஹெக்டேர் ரேட். முடிவு எடுப்பது நீங்கள், செய்வது அவர். மாதம் ஒருமுறையாவது தோட்டத்துக்குப் போக முடிந்தவர்களுக்கு இதுவே மலிவு.

வருடாந்தரப் பராமரிப்பு: ஆண்டுக் கட்டணமும் வெட்டும்போது ஒரு சதவீதமும். வேலைத்திட்டம், ஆள் ஏற்பாடு, தீப்பாதுகாப்பு, விற்பனை எல்லாம் அவர் பொறுப்பு. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கும் என்சிடி கூட்டுறவு 1949-இல் தொடங்கியது. அது தன் உறுப்பினர்களின் தோட்டங்களைப் பராமரித்தும் தருகிறது. தனியார் கான்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வகைதான் பொருந்தும்.

நின்ற மரமாக விற்பது: வெட்டும் பருவத்தில் மட்டும். மொத்தத் தொகை, இல்லை என்றால் டன்னுக்கு இவ்வளவு. மேலே சொன்னபடி எண்ணி, நெஞ்சளவில், அதாவது 1.3 மீட்டர் உயரத்தில், சுற்றளவும் எடுக்காமல் மொத்தத் தொகைக்குச் சம்மதித்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு விற்பதுதான்.

குத்தகை: ஹெக்டேருக்கு ஆண்டு வாடகை. விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு அதே தொகை.

இவை போக, பேப்பர் மில்கள் சிறு விவசாயிகளுக்குக் கன்றும் முன்பணமும் கொடுத்து மரத்தை வாங்கிக்கொள்ளும் திட்டங்களும் உண்டு. சாப்பி பேப்பர் கம்பெனியின் திட்டம் 1983-இலிருந்து நடக்கிறது. முன்பணத்துக்கு வட்டி உண்டா, வேறு மில்லுக்கு விற்க முடியுமா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வகையானாலும் பார்ப்பவர், வெட்டுபவர், வாங்குபவர் மூவரும் ஒரே ஆளாக இருக்க விடாதீர்கள். மூன்றும் ஒரே கையில் இருந்தால், எப்போது வெட்டுவது என்பதைத் தோட்டத்தின் வயது தீர்மானிக்காது, அந்த மாதம் மில்லுக்குக் கொடுக்க வேண்டிய சரக்கின் அளவு தீர்மானிக்கும். கம் மரம் காகிதக் கூழுக்கு 7 முதல் 10 வருஷத்தில் வெட்டப்படுகிறது. ஒரு வருஷம் முந்தி வெட்டினால் போவது மரம் தடிக்கும் நல்ல வருஷம்.

எதில் பத்து சதவீதம்?

மில் வாசலில் டன்னுக்கு 1,000 ராண்ட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வெட்டி, உரித்து, பாதைக்கு இழுக்க 250. லாரிக்கு 250. மரத்துக்கு மிஞ்சுவது 500. கட்டணம் "விற்பனையில் 10 சதவீதம்" என்று இருந்தால் அவர் எடுப்பது 100 ராண்ட், அதாவது உங்கள் கைக்கு வருவதில் 20 சதவீதம். "செலவு போக மிஞ்சியதில் 10 சதவீதம்" என்றால் 50. இரண்டு ஒப்பந்தத்திலும் எண் ஒன்றுதான், தொகை இரட்டிப்பு. மில்லிலிருந்து தூரம் கூடக் கூட இந்த வித்தியாசம் பெரிதாகும், ஏனென்றால் லாரிக் கூலியும் அவர் சதவீதத்துக்குள் வந்துவிடுகிறது.

சொன்ன ரேட்டில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்ந்ததா, டீசல் ஏறினால் எந்த அளவில் ரேட் ஏறும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வேலையின் தரத்தை எழுதுவது

"நல்ல முறையில் களை எடுக்கப்படும்" என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. அளந்து பார்க்கக் கூடியதாக எழுத வேண்டும்.

நடவு: குழி கால் மீட்டர் அகலம், கால் மீட்டர் ஆழம். செடிக்கு 1 முதல் 2 லிட்டர் தண்ணீர், காய்ந்த மாதத்தில் ஈரம் பிடித்து வைக்கும் ஜெல்லோடு. உரம் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தனிக் குழியில் போட வேண்டும். வேரோடு ஒட்டிப் போட்டால் செடி கருகும், பிறகு "வெட்டுப்புழு தின்றது" என்பார்கள். புழு தின்ற செடி தரையோடு அறுந்து சாய்ந்து கிடக்கும். உரத்தில் கருகியது நின்றபடியே இலை ஓரம் காய்ந்திருக்கும். பிடுங்கிப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் தெரியும்.

நட்ட நான்கு வாரத்துக்குள் எண்ண வேண்டும். 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கான்ட்ராக்டர் தன் செலவில் இடைநடவு செய்ய வேண்டும். மூன்று மாதம் கழித்துச் செய்யும் இடைநடவு கணக்குக் காட்டத்தான். பக்கத்து மரங்கள் நிழல் போட்டு அந்தச் செடியை எழவே விடாது.

களை: கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிழல் மூடும்வரை, ஏறக்குறைய முதல் இரண்டு வருஷம்தான் தோட்டத்தின் தலையெழுத்து. புல் உறிஞ்சுவது செடிக்கு வேண்டிய தண்ணீரை. செடியைச் சுற்றி 1 மீட்டர் விட்டத்துக்கு வெறும் மண் தெரிய வேண்டும், வரிசை இடையில் புல் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதலாம். "வருஷத்துக்கு மூன்று முறை" என்று மட்டும் எழுதினால் மூன்று முறை வந்து போவார்கள், மழை அதிகமான வருஷத்தில் புல் ஜெயித்துவிடும்.

மருந்து அடிப்பதில்தான் அதிகக் கெடுதல் நடக்கிறது. காற்று எழும் மதிய நேரத்தில், தெளிப்பான் முனையில் கூம்பு மூடி இல்லாமல் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் சாரல் கன்றின் மேல் படும். உடனே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து நுனி இலைகள் நூல்போல் குறுகி, கொத்தாக, துடைப்பம் மாதிரி வளரும். அதற்குள் பில் கட்டி முடித்திருப்பீர்கள். அதனால்தான் ஒவ்வொரு மருந்து பில்லிலும் 15 அல்லது 20 சதவீதத்தை நிறுத்தி வைத்து, ஆறு வாரம் கழித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது என்ற நிபந்தனை வேண்டும். ஒழுங்கான கான்ட்ராக்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கொழுந்து குறைப்பு: வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி வளர்ப்பதானால் இரண்டு தடவை குறைக்க வேண்டும். 3 முதல் 4 மீட்டர் உயரத்தில் அடிக்கட்டைக்கு இரண்டு மூன்று தண்டு விட்டு மற்றதை வெட்டுவது. 7 முதல் 8 மீட்டரில் பழைய எண்ணிக்கைக்குக் கொண்டுவருவது. பல ஒப்பந்தங்களில் இந்த வேலை இல்லவே இல்லை. வெட்டுப் பணம் வந்து கைமாறிய பிறகு வரும் செலவு என்பதால் யாரும் நினைவூட்டுவதில்லை. குறைக்காமல் விட்டால் அடிக்கட்டைக்கு ஏழெட்டுக் குச்சி, மில்லுக்கு ஆகும் தடிமன் ஒன்றிலும் இருக்காது. வெட்டுப் பணத்திலிருந்தே இரண்டு குறைப்புக்கும் தொகையைத் தனியே எடுத்து வைப்பது நல்லது.

பூச்சி, நோய்: கான்ட்ராக்டர் கண்டால் இத்தனை நாளில் படத்தோடு தெரிவிக்க வேண்டும், மருந்துச் செலவு யாருடையது என்ற இரண்டு வரி போதும். கம் இலையைத் தின்னும் மூக்கு வண்டு, இலைக்காம்பில் முடிச்சு உண்டாக்கும் குளவி, வாட்டிலில் 2013-இல் கண்டுபிடிக்கப்பட்ட துரு நோய் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

வாட்டில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. விதை தானாகப் பரவி ஓடைக்கரையில் முளைக்கும். சட்டப்படி அது கட்டுப்படுத்த வேண்டிய அந்நியச் செடி, பொறுப்பு நில உரிமையாளருடையது. பாத்திக்கு வெளியே முளைப்பதை அழிப்பதும் வேலைப் பட்டியலில் இருக்கட்டும்.

தீ

2007 ஜூலை கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ம்புமலாங்காவிலும் குவாசூலு-நட்டாலிலும் எரிந்த தோட்டங்களை இங்கே மரம் வைத்திருப்பவர்கள் மறக்கவில்லை. கான்ட்ராக்ட் கொடுத்துவிட்டால் தீப் பொறுப்பும் போய்விட்டது என்ற எண்ணம் தப்பு. 1998-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் தீச் சட்டம் தீத்தடுப்புப் பட்டை போடும் கடமையை நில உரிமையாளர் மேல் வைக்கிறது. கருவி, பாதுகாப்பு உடுப்பு, பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும். உரிமையாளர் ஊரில் இல்லை என்றால் தீயை அணைக்கக் கூடிய பொறுப்பான ஆள் நிலத்திலோ அருகிலோ இருக்க வேண்டும். டர்பனில் இருந்துகொண்டு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரி நேராகப் பொருந்தும். அந்த ஆள் யார், அவர் போன் எண் என்ன, அவர் இல்லாத நாளில் யார் என்பது ஒப்பந்தத்தில் பெயரோடு வேண்டும்.

அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவுதான் முக்கியம். உங்கள் நிலத்தில் தொடங்கிய தீ, அல்லது உங்கள் நிலத்திலிருந்து பரவிய தீ பக்கத்து நிலத்தை எரித்து வழக்கு வந்தால், நீங்கள் தீப்பாதுகாப்புச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாவிட்டால், கவனக்குறைவு உங்களுடையது என்றே கோர்ட் எடுத்துக்கொண்டு தொடங்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. உறுப்பினராக இருந்தால் இந்த ஊகம் கிடையாது. ஆகவே கான்ட்ராக்டர் உறுப்பினரா என்று கேட்பது பத்தாது. உறுப்பினராக வேண்டியவர் நீங்கள், உங்கள் பெயரில், இந்த நிலத்துக்கு.

ஒப்பந்தத்தில் தேதிகள்: புல் இன்னும் பச்சையாக இருக்கும் ஏப்ரல், மே மாதத்தில் டிரேசர் கோடு, அதாவது தீத்தடுப்புப் பட்டையின் இரு ஓரத்திலும் புல் இல்லாமல் விடும் கோடு, மருந்தடித்தோ கொத்தியோ முடிய வேண்டும். புல் காய்ந்தபின் இரு கோட்டுக்கும் நடுவில் உள்ளதை, சங்கம் அனுமதித்த நாளில், பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொல்லிவிட்டு எரிக்க வேண்டும். டிரேசர் கோடு தாமதமானால் எரிக்கும் வேலையே ஆகஸ்ட் காற்றில் போய் மாட்டும். தீ அபாயக் குறியீடு சிவப்பாக இருக்கும் நாளில் செயின்சா, சமையல் அடுப்பு, கழிவு எரிப்பு மூன்றும் நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். எரிந்த மரத்தை எத்தனை வாரத்தில் வெட்டி அனுப்புவது, என்ன ரேட்டில் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கரி ஒட்டிய மரத்தைக் கூழ் மில்கள் தயங்கித்தான் வாங்கும். எல்லாத் தோட்டமும் எரிந்த வாரத்தில் வெட்டுக் குழு கிடைப்பதே அரிது.

ஆட்களுக்கான தாள்கள்

மூன்று தாள் இல்லாமல் ஒரு செயின்சாவும் உள்ளே வரக் கூடாது. முதலாவது, தொழிலாளர் இழப்பீட்டு நிதியில் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்ற கோய்டா சான்று. அதில் காலாவதித் தேதி இருக்கும், அதைப் பாருங்கள். சான்று இல்லாத கான்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டால் சுமை உங்கள் பக்கம் திரும்பலாம். இரண்டாவது, 1993-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டம் 37(2) பிரிவின் கீழ், பாதுகாப்பு விதிகளைக் கான்ட்ராக்டர் எப்படிக் கடைப்பிடிப்பார் என்று இருவரும் கையெழுத்திட்ட உடன்பாடு. மூன்றாவது, செயின்சா ஓட்டுபவரின் தகுதிச் சான்று. குறைந்தபட்சக் கூலி ஒவ்வொரு மார்ச் 1 அன்றும் மாறுகிறது. ரேட் பேசும்போது அந்த உயர்வு யார் கணக்கு என்று கேளுங்கள்.

தோட்டத்துப் பழைய குடியிருப்பில் கான்ட்ராக்டர் ஆட்களைத் தங்க வைக்கக் கேட்பார். 1997-ஆம் ஆண்டின் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியோடு தங்குபவர்களுக்கு உரிமை கொடுக்கிறது. வக்கீலிடம் கேட்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வெட்டும் மாதம்

அடிக்கட்டை உயரம் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள். உயரமாக விட்டால் விற்கக் கூடிய மரம் தரையில் கிடக்கும், கொழுந்தும் காற்றில் பிளந்து விழும். கொழுந்து விட வேண்டிய பாத்தியில் கழிவை அடிக்கட்டை மேல் குவிக்கக் கூடாது, அங்கேயே எரிக்கவும் கூடாது. சூட்டில் கட்டை செத்துவிடும். மழை பெய்த மண்ணில் டிராக்டர் போனால் கட்டை நசுங்கும், மண் இறுகும். இத்தனை மில்லிமீட்டர் மழைக்குப் பின் இத்தனை நாள் வண்டி நிற்கும் என்று எழுதினால் சண்டை வராது.

மரம் எடைக்குப் போகிறது. வெட்டிய மரம் பாதையோரம் காயக் காய எடை குறையும், அந்த நஷ்டம் முழுக்க உங்களுடையது. வெட்டிய நாளிலிருந்து மில்லுக்குப் போகும் நாள்வரை உச்சவரம்பு வேண்டும். ஒவ்வொரு லாரிக்கும் வரிசை எண் போட்ட மூன்று படிச் சீட்டு: ஒன்று டிரைவரிடம், ஒன்று கான்ட்ராக்டரிடம், ஒன்று உங்கள் இண்டுனாவிடம் (மேஸ்திரி). மாதக் கடைசியில் மில் எடைச்சீட்டுகளை இந்த எண்களோடு ஒத்துப் பாருங்கள். சீட்டு 41-க்கு அடுத்து 43 வந்தால் 42 எங்கே போயிற்று என்று அன்றைக்கே கேட்க வேண்டும். எடைச்சீட்டின் நகலை மில்லே நேராக உங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். பணமும் மில்லிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்து, அங்கிருந்து கான்ட்ராக்டருக்குப் போகட்டும். கூட்டுறவில் உறுப்பினர் என்றால் மரம் உங்கள் உறுப்பினர் எண்ணிலேயே போக வேண்டும்.

யார் கையெழுத்து, எத்தனை வருஷம்

1970-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டத்தால் விவசாய நிலத்தை இஷ்டம்போல் பிரிக்க முடியாது. அதனால் அண்ணன், தம்பி, அக்கா என்று ஐந்து பேர் பெயரில் பிரிக்காத பங்காகவே நிலம் கிடக்கும். பெரியண்ணன் மட்டும் போட்ட கையெழுத்தை நாளை ஒரு மருமகன் கேள்வி கேட்கலாம். எல்லோரும் சேர்ந்து ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். டிரஸ்ட் என்றால் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் கொடுத்த அதிகாரக் கடிதத்தில் பெயர் உள்ள டிரஸ்டிகள். தண்ணீர்த் துறையில் தோட்டத்தின் பதிவு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். வாட்டிலை எடுத்துவிட்டுக் கம் நட விரும்பினால் நடும் முன்பே அங்கே கேட்க வேண்டும்.

அதே 1970 சட்டம், விவசாய நிலத்தின் ஒரு பகுதியை 10 வருஷமோ அதற்கு மேலோ குத்தகைக்கு விட அமைச்சரின் சம்மதம் கேட்கிறது. அதனால்தான் 9 வருஷம் 11 மாதம் என்ற குத்தகைகளைப் பார்க்கிறோம். காலம் முடியும் நாளில் பாத்தியில் பாதி வளர்ந்த கொழுந்து நின்றால் அது யாருடையது? இதற்கு விடை இல்லாத குத்தகையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தோட்டம் பொறுப்பாகப் பராமரிக்கப்படுகிறது என்ற எஃப்எஸ்சி சான்று கம்பெனியின் குழுப் பெயரில் இருந்தால் நீங்கள் விலகும் நாளில் சான்றும் போய்விடும். மில் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறது என்றால் அந்த இழப்பையும் கணக்கில் வையுங்கள்.

விலகும் விதி: இரு பக்கமும் 90 நாள் அறிவிப்பு, ஆனால் மே முதல் அக்டோபர் வரை கான்ட்ராக்டர் விலக முடியாது. இல்லாவிட்டால் ஜூலையில் தீப்பட்டை பாதியில் நிற்க, அணைக்கும் குழுவும் தண்ணீர் வண்டியும் இல்லாமல் தோட்டம் உங்கள் கையில் வந்து விழும். விலகும்போது வரைபடம், கன்று வாங்கிய பில், குளோன் பெயர், மருந்து அடித்த பதிவு, லாரிச் சீட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒப்படைத்து, அதே 11.28 மீட்டர் கயிற்றால் இருவரும் சேர்ந்து எண்ணிய பிறகே நிறுத்தி வைத்த தொகையை விடுவியுங்கள்.